நான் பதில் போடாத இரண்டு மெசேஜ்

இது நடந்தது இரண்டு வருடத்துக்கு முன், கார்த்திகை மாதத்தில். பாதி பாரிஸ் லா சப்பலில் நடந்தது. பாதி அத்திலாந்திக் கடலில் நடந்தது. கடலில் நடந்த பாதியில் நான் இல்லை. இருந்திருக்க வேண்டியவன்.

நான் மன்னார்ப் பக்கம். கடற்கரை ஊர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பிறகு வள்ளம்தான். பத்தொன்பது வயதில் கடலை விட்டேன். அடுத்த வருடம் பாரிஸ் வந்தேன். இருபத்தாறு வருடமாக ஒரே பிரெஞ்சு ரெஸ்டோரன்டில் வேலை. முதலில் கோப்பை கழுவினேன். இப்போது இறைச்சி வெட்டுகிறேன், சூப் வைக்கிறேன். ஆள் வராவிட்டால் கோப்பையும் கழுவுகிறேன்.

எங்கள் குசினியில் இன்னொரு தமிழ் ஆள் இருக்கிறான். யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் பக்கம். என்னைவிடப் பத்து வயது குறைவு. நான் தம்பி என்பேன், அவன் அண்ணை என்பான். அவர்கள் தோட்டக்காரர். வெங்காயம், புகையிலை. கடலோடு அவனுக்கு இருந்த சம்பந்தம், சின்ன வயதில் ஒருமுறை லோஞ்சுப் படகில் நயினாதீவுக்குப் போய் வந்தது. அவ்வளவுதான்.

எங்கள் முதலாளியிடம் பன்னிரண்டு மீற்றர் பாய்ப்படகு ஒன்று இருக்கிறது. வருடா வருடம் கார்த்திகையில் கனாரித் தீவுகளிலிருந்து கரிபியன் பக்கம் நிறையப் பாய்ப்படகுகள் ஒன்றாகப் புறப்படும். ராலி என்று சொல்வார்கள். பந்தயம் மாதிரி, ஆனால் முழுப் பந்தயமும் இல்லை. சேர்ந்து கடலைக் கடப்பதுதான் விஷயம். மூன்று கிழமைக்குக் கிட்டக் கரை தெரியாது. முதலாளி பல வருடமாக இதையே கதைத்துக்கொண்டு திரிந்தார். அந்த வருடம் பெயர் கொடுத்துவிட்டார். மூன்று சிநேகிதர் கூட வருகிறார்கள். ஐந்தாவதாக ஒரு ஆள் தேவை. சமைக்கவும் வேண்டும், முறைக்குக் காவல் நிற்கவும் வேண்டும்.

ஒரு நாள் மத்தியான வேலை முடிந்த நேரம். நான் பெரிய பானையை உரஞ்சிக்கொண்டு நின்றேன். முதலாளி வந்து தோளில் தட்டினார். எங்களோடு அத்திலாந்திக் கடக்க வருகிறாயா என்று கேட்டார்.

அத்தனை வருடமாக நான் கடலில் கால் வைக்கவில்லை. பிள்ளைகளோடு நோர்மண்டிக் கரைக்குப் போனபோதும் சப்பாத்துக் கழற்றாமல் மணலில் நின்றேன். கால் வைத்தால் திரும்பி வர மனம் வராது என்று பயம்.

"இல்லை ஷெஃப், பரவாயில்லை," என்றேன்.

எங்கள் ஆட்களுக்கு இது விளங்கும். ஒரு வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி போடட்டோ என்று கேட்பார்கள். வேண்டாம் என்போம். இன்னொருதரம் கேட்பார்கள். இல்லையில்லை, இப்பதான் குடிச்சிட்டு வாறன் என்போம். மூன்றாம் தரம்தான், சரி, அரைக் கோப்பை தாங்கோ என்போம். கேட்ட உடனே ஓம் என்றால் அலைகிறவன் என்று நினைப்பார்கள். நான் சொன்னது அந்த வேண்டாம். அவர் இரண்டாம் தரம் கேட்பார் என்று கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் கேட்கவில்லை. பிரெஞ்சுக்காரருக்கு இல்லை என்றால் இல்லைதான். தலையைத் திருப்பி, அடுப்படியில் நின்ற தம்பியைப் பார்த்தார். அப்ப நீ?

"வாறன் ஷெஃப்."

ஒரு கோப்பை கழுவுகிற நேரம்கூட எடுக்கவில்லை.

கடல் பழக்கம் உண்டா என்று முதலாளி கேட்டார். நாங்கள் தீவுக்காரர்தானே ஷெஃப் என்றான். முதலாளிக்குச் சந்தோஷம். அவருக்கு இலங்கை என்றால் ஒரு தீவு. தீவென்றால் எல்லோரும் கடல்காரர்.

அவர் போன பிறகு அவன் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "அண்ணை, காட்டிக் குடுத்திடாதேங்கோ."

நான் காட்டிக் கொடுக்கவில்லை. நல்ல மனத்தால் இல்லை. போகட்டும், கடல் அவனுக்குப் படிப்பிக்கட்டும் என்று இருந்தேன்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். எங்களுக்கு ஞாயிறும் திங்களும் லீவு. அந்த நாட்களில் முதலாளி அவனைப் படகு நிற்கிற துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். வளைகுடாவுக்குள்ளேதான் ஓடுவார்கள். அலை இல்லாத இடம். செவ்வாய்க்கிழமை உள்ளங்கையில் கயிறு உரசின சிவப்போடு வருவான். ஏப்ரன் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் காட்டுவான். "அண்ணை, இது சரியோ பாருங்கோ."

"எனக்குத் தெரியாது," என்பேன்.

அந்த முடிச்சை நான் எட்டு வயதில் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன்.

வீட்டில் மனைவி ஒருநாள் கேட்டா, "நீங்கள் ஓம் எண்டு சொல்லியிருக்கலாமே?" சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

லா சப்பல் மெட்ரோவுக்குக் கிட்ட நாங்கள் வழக்கமாகக் குடிக்கிற தேத்தண்ணிக் கடை ஒன்று இருக்கிறது. கதை அங்கே வந்துவிட்டது. கடைக்காரர் பகிடிக்காரர். "என்ன அண்ணை, கடல்காரர் நீங்கள் இஞ்சை கோப்பை கழுவுறியள். வெங்காயக்காரன் கப்பல் ஓட்டப் போறான்." கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கார்த்திகை வந்தது. அவர்கள் கனாரித் தீவுக்குப் போனார்கள். புறப்படுகிற ஞாயிற்றுக்கிழமை அவன் படம் அனுப்பினான். துறைமுகம் முழுக்கப் பாய்மரங்கள். கம்பிக்குக் கம்பி கலர்க் கொடிகள். படகின் பின்பக்கம் ஒரு முழு வாழைக்குலையைக் கட்டித் தூக்கியிருந்தார்கள். அந்தத் தீவில் வாழை நிறையவாம், எல்லாப் படகும் ஒரு குலை வாங்கிக் கட்டுமாம். அவன் குலைக்குப் பக்கத்தில் மஞ்சள் உயிர்காப்பு அங்கியோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். தேத்தண்ணிக் கடையில் படம் கை மாறி மாறிப் போனது.

"உது கதலிபோலை கிடக்கு," என்றார் ஒருவர்.

"ஆரைச் சொல்லுறாய், குலையையோ ஆளையோ," என்றார் கடைக்காரர்.

என் மகள் என் போனில் ஒரு மாப் போட்டுத் தந்தாள். ஒவ்வொரு படகும் ஒரு புள்ளி. "செ லுயி, பப்பா," இதுதான் அவர் என்று ஒரு பச்சைப் புள்ளியைக் காட்டிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். நான் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அசைவது தெரியாது. ஆனால் கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தால் தள்ளிப் போயிருக்கும். வடகிழக்குக் காற்று. பின்பக்கத்தால் அலை. படகு இரண்டு பக்கமும் உருளும். எனக்குப் பார்க்காமலே தெரியும்.

படகில் இன்டர்நெட் இருந்தது. கரண்ட் மிச்சம் பிடிக்க ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம்தான் திறப்பார்கள். பாரிஸ் நேரம் பின்னேரம் நாலு மணிக்கு.

திங்கட்கிழமை நாலு மணிக்கு நான் தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். மெசேஜ் வந்தது. எனக்கு வாசிக்க நேரம் எடுக்கும். மெதுவாக வாசித்தேன்.

"அண்ணை சத்தி நிக்குதில்லை. நேற்று வெளிக்கிட்டதிலை இருந்து வயித்திலை ஒண்டும் தங்கேல்லை. தண்ணியும் தங்கேல்லை. இவைக்குச் சொல்லேல்லை. சொன்னா பொய் சொன்னது தெரிஞ்சிடும். சமைச்சுக் குடுத்திட்டுப் பின்னாலை போய்ச் சத்தி எடுக்கிறன். என்ன செய்யிறது எண்டு சொல்லுங்கோ. வீட்டிலை சொல்லாதேங்கோ."

இரண்டாம் தரமும் வாசித்தேன். கீழே, அடைத்த இடத்தில், எண்ணெய் மணத்தில், படகு உருள உருள நின்று சமைக்கிறான். கடல் புதிசான ஒருவனுக்கு அதைவிடக் கெட்ட இடம் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். இரண்டு வரி எழுதினால் போதும்.

போனைச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

"என்னவாம் எங்கடை மாலுமி?" கடைக்காரர் கேட்டார்.

"சுகமாம்," என்றேன்.

அன்று எனக்கு நன்றாகப் பசித்தது. வீட்டில் இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அடுத்த மெசேஜ். மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் குசினிக்குப் பின்னால் நின்று வாசித்தேன்.

"அண்ணை கோபமோ. முதலாளி உங்களைத்தான் முதல் கேட்டவர். நீங்கள் வேண்டாம் எண்டது என்ன வேண்டாம் எண்டு எனக்கு விளங்கினது. விளங்கித்தான் கெதியா ஓம் எண்டனான். பிழைதான். இப்ப எழும்ப ஏலாமல் கிடக்கு. தெரிஞ்சதைச் சொல்லுங்கோ அண்ணை."

மன்னிப்புக் கேட்ட மெசேஜ் அது. இப்போது விளங்குகிறது. அன்று எனக்கு ஒரு வரிதான் கண்ணில் நின்றது. விளங்கித்தான் ஓம் எண்டனான். தெரியாமல் எடுத்திருந்தால் பொறுத்திருப்பேன். தெரிந்து எடுத்திருக்கிறான். என் இடத்தில் நின்றுகொண்டு, என் கடலில் இருந்துகொண்டு, என்னிடமே மருந்து கேட்கிறான்.

உள்ளே போய் எலும்பு வெட்டினேன். பதில் போடவில்லை.

புதன்கிழமை நாலு மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் வரவில்லை. ஐந்து மணி ஆனது. வரவில்லை.

அவன் மனைவி லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்கிறா. காசு வாங்குகிற இடத்தில் இருப்பா. வீடு நகரத்துக்கு வெளியே, திரான்சியில். அன்று வேலை இடைவெளியில் கத்தரிக்காய் வாங்கப் போவதுபோல அங்கே போனேன். என்னைக் கண்டதும் அவ எழும்பினா.

"அண்ணை, எனக்கு நல்லா இருக்கிறன், பிள்ளையளைப் பார் எண்டு ஒரு வரிதான் போட்டவர். முந்தநாள் போட்டது. அவர் ஒரு வரியோடை நிப்பாட்டுற ஆளோ? உங்களுக்கு ஏதும் எழுதினவரோ?"

"இல்லை," என்றேன்.

"நீங்கள் கடலிலை வளந்தனீங்கள். ஒண்டுமில்லைத்தானே?"

"ஒண்டுமில்லை தங்கச்சி."

அவ கத்தரிக்காயை நிறுத்துத் தந்தா. கொஞ்சம் கூடவே போட்டா. நான் பையோடு வெளியே வந்தேன். சனம் இடித்துக்கொண்டு போனது. நான் ஓரமாக நின்றேன். படகில் அவனைச் சுற்றி நாலு பேர் இருக்கிறார்கள். நாலு பேருக்கும் தெரியாது. அவன் தண்ணீர் தங்காமல் கிடக்கிறான் என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். கத்தரிக்காய்ப் பையோடு லா சப்பலில் நிற்கிறேன்.

அப்போதுதான் பயம் வந்தது. ஆனால் அப்போதும் எழுதவில்லை. நாளைக்கு நாலு மணிக்கு எழுதுவம் என்று சொல்லிக்கொண்டேன். அன்றே எழுதி அனுப்பியிருந்தால் அவர்கள் திறந்த உடனே போய்ச் சேர்ந்திருக்கும். அதுவும் எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை நாலு மணிக்குப் போன் அடித்தது. முதலாளி.

அவன் குசினியில் விழுந்துவிட்டானாம். கையில் பானை இருந்ததாம். சுடுதண்ணீர் நிலத்தில்தான் கொட்டியது, அவனில் படவில்லை. வாய் உலர்ந்து, கண் உள்ளே போய், கதைக்கவே ஏலாமல் கிடக்கிறானாம். நாலு நாளாக ஒன்றும் தங்கவில்லை என்று இப்போதுதான் சொன்னானாம். முதல் இரண்டு நாளும் மற்றவர்களும் வாடித்தான் கிடந்தார்களாம். யார் சாப்பிட்டது, யார் சாப்பிடவில்லை என்று யாரும் பார்க்கவில்லை.

"அவன் எங்களுக்கு ஏன் சொல்லவில்லை?" முதலாளி கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. பயந்துபோய்க் கேட்டார்.

"தெரியாது ஷெஃப்."

பிறகு அவர் மற்றதைச் சொன்னார். கேப் வேர்ட் தீவுகள் ஒன்றரை நாள் தூரத்தில் இருக்கிறது. படகைத் திருப்பி அவனை அங்கே இறக்கிவிட வேண்டிவரும். பாரிஸிலிருந்து அங்கே பிளேனில் வரலாம். உன் பாஸ்போட் சரியாக இருக்கிறதா? நாளைக்கு நாலு மணிக்கு நான் முடிவெடுக்க வேண்டும். ஆள் தேறாவிட்டால் நீ வந்து ஏறு. உனக்குக் கடல் தெரியும் என்று இவன் இப்போதுதான் சொன்னான். நீ எனக்குச் சொல்லவே இல்லையே.

போனுக்குள் காற்றுச் சத்தம் கேட்டது. பாய் ஒருதரம் படார் என்று அடித்து நிமிர்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை வருடம்.

"உங்கள் ஊரில் இதற்கு என்ன செய்வீர்கள்?" அவர் கேட்டார்.

நேரே கேட்டுவிட்டார். இதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுசன் இல்லை.

சொன்னேன். கீழே படுக்க விடாதேங்கோ. மேலே கொண்டு வாங்கோ. அடுப்புப் பக்கம் விடாதேங்கோ. சோறு வடித்த தண்ணீரில் உப்புப் போட்டு ஒரு கரண்டி குடுங்கோ. சத்தி எடுத்தாலும் பத்து நிமிசத்தால் இன்னொரு கரண்டி. பிறகு சுக்கானை அவன் கையில் குடுங்கோ.

"சுக்கானையா? அவனால் நிற்கவே முடியாது."

"நிற்கத் தேவையில்லை. இருத்தி வையுங்கோ. கையைப் பிடித்து அதில் வையுங்கோ."

எங்கள் பக்கம் அப்படித்தான். வள்ளத்தில் புது ஆளுக்குச் சத்தி வந்தால் சுக்கானைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஓட்டுகிறவனுக்குச் சத்தி குறையும். வள்ளம் எந்தப் பக்கம் சரியப் போகிறது என்று அவன் உடம்புக்கு முதலே தெரிந்துவிடும். கண்ணும் தூரத்தில் நிற்கும். வேறு காரணம் இருக்கலாம். எனக்குத் தெரிந்தது அவ்வளவு.

முதலாளி சரி என்று வைத்துவிட்டார். நான் சுவரோடு சாய்ந்து நின்றேன். ஆறு மாதமாக அவன் கையில் சுக்கான் இருப்பதை நினைத்துத்தான் வெந்துகொண்டிருந்தேன். இப்போது நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன். அதையும் மூன்று நாள் பிந்திக் கொடுத்தேன்.

வீட்டுக்குப் போய் அலுமாரிக்கு மேல் இருந்த பையை இறக்கினேன். பாஸ்போட்டைப் பார்த்தேன். சரியாக இருந்தது. மனைவி கதவடியில் நின்றா.

"எங்கை?"

"அநேகமாக் கடலுக்கு."

அவ அலுமாரியைத் திறந்தா. இரண்டு கம்பளிச் சட்டையை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனா.

இதை மறைக்கப் போவதில்லை. நான் சொன்ன வைத்தியம் பலிக்கக்கூடாது என்று ஒரு மனம் நினைத்தது. அவன் சாக வேண்டும் என்று இல்லை. எழும்பாமல் இருக்க வேண்டும். இறங்கிப் போக வேண்டும். அவ்வளவுதான். வழக்கமாகப் படுக்க முதல் செபம் சொல்வேன். அன்று சொல்லவில்லை. எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையும் வழக்கம்போல மரக்கறிக் கடைப் பக்கத்தால்தான் வேலைக்குப் போனேன். வேறு தெருவால் போயிருக்கலாம். போகவில்லை. அவ என்னைக் கண்டு வெளியே ஓடி வந்தா. முகம் வீங்கியிருந்தது. முதலாளி அவவுக்கும் எடுத்துச் சொல்லியிருந்தார்.

"அண்ணை, நீங்கள் போறீங்களாம் எண்டு சொன்னார்."

"இன்னும் தெரியாது."

"அவர் இறங்கட்டும் அண்ணை. அவருக்குச் சரியான ஆசைதான். ஆனா உயிரோடை வந்தாக் காணும். நீங்கள் போறது எனக்கு ஆறுதல்." கையில் ஒரு பை வைத்திருந்தா. இஞ்சி, தேசிக்காய், ஒரு போத்தலில் பொரியரிசிமா. "அவருக்குக் கட்டிக் குடுக்க எனக்குப் புத்தி வரேல்லை. நீங்கள் கொண்டு போங்கோ. அவரை இறக்கிற இடத்திலை ஒருக்காப் பாத்திட்டு ஏறுங்கோ. பிளேனிலை தனிய வரப்போறார்."

பையை வாங்கினேன். வாங்காமல் என்ன செய்வது. பொரியரிசிமா இன்னும் சூடாக இருந்தது. விடிய எழும்பி வறுத்திருக்க வேண்டும்.

மேலால் மெட்ரோ ஓடுகிற பாலத்துக்குக் கீழே வந்து நின்றேன். சிகரெட் விற்கிறவர்கள் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். பையைக் காலுக்கிடையில் வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். எனக்கு எழுதுவது கஷ்டம். எழுத்துப் பிழைக்கும். அழித்து அழித்து எழுதினேன்.

"தம்பி இறங்காதை. நாலு நாள் கழிஞ்சுது. இனி நிக்கும். சுக்கானை விடாதை."

அனுப்பினேன். அதோடு என் பயணம் முடிந்தது என்று தெரியும். வேலைக்குப் பிந்திப் போனேன். இருபத்துநாலு வருடத்தில் முதல் தரம்.

நாலு மணிக்கு முதலாளி எடுக்கவில்லை. நாலரை ஆனது. ஐந்து ஆனது. மாப்பில் புள்ளி தெற்கே போய்க்கொண்டிருந்தது. தீவுகளும் தெற்கேதான். நான் வெங்காயம் உரித்தேன். ஒரு மூட்டை உரித்தேன். தேவைப்பட்டது பாதி.

இரவுச் சாப்பாட்டு வேலை தொடங்குகிற நேரம் திரும்பப் பார்த்தேன். புள்ளி மேற்கே திரும்பியிருந்தது. தீவுகள் ஒரு பக்கத்தில் கிடக்க, படகு கரிபியன் பக்கம் மூக்கைத் திருப்பிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் முதலாளியிடமிருந்து ஒரு படம். அன்று இன்டர்நெட்டை நேரம் கடந்தும் திறந்து வைத்திருந்தார்கள்போல. அவன் சுக்கான் சக்கரத்துக்குப் பின்னால் குந்தியிருந்தான். முகம் பாதியாக இருந்தது. உதடு வெடித்திருந்தது. இரண்டு கையும் சக்கரத்தில். கீழே நன்றிக்கு மெர்சி என்று ஒரு சொல்.

படத்தைப் பெரிதாக்கி அவன் கையைப் பார்த்தேன். பிடித்திருந்த விதம் பிழை. கழுத்தை நெரிப்பதுபோலப் பிடித்திருந்தான். நான் என்றால் இரண்டு விரல் போதும்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. பொறாமையும் அப்படியே இருந்தது. ஒன்று வந்தால் மற்றது போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு அன்று இரவுச் சாப்பாட்டு வேலையை முடித்தேன்.

அவர்கள் கரை சேர்ந்தார்கள். மார்கழி நடுவில் அவன் திரும்பி வந்தான். கறுத்து, மெலிந்து, நடை மாறி. தேத்தண்ணிக் கடையில் அன்று இருக்க இடம் இல்லை. பாறை மாதிரித் திமிங்கிலம் வந்ததையும், மீன் பிடித்ததையும், மழை ஒரு சுவர் மாதிரி நடந்து வந்ததையும் சொன்னான். எல்லாம் எனக்குத் தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. கடைசியில் என் பக்கம் கையைக் காட்டினான்.

"அண்ணை சொன்ன வைத்தியம்தான். இல்லாட்டி நான் கேப் வேர்டிலை இறங்கி வந்திருப்பன்."

"அப்ப இஞ்சை இருந்து கப்பலை ஓட்டினது அண்ணைதான்," என்றார் கடைக்காரர். எனக்குத் தேத்தண்ணிக்குக் காசு வேண்டாம் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தத் தேத்தண்ணியை அரைவாசியோடு வைத்துவிட்டு எழும்பினேன்.

பிறகு இரண்டு பேரும் வேலைக்கு நடந்தோம். தண்டவாளங்களுக்கு மேலே ஒரு பாலம் இருக்கிறது. அதில் போகும்போது சொன்னேன்.

"தம்பி, உன்ரை ரெண்டு மெசேஜும் அண்டண்டைக்கே வந்தது. வாசிச்சனான்."

"தெரியும் அண்ணை. நீலக் கோடு விழுந்தது."

கீழே ஒரு ரெயில் போனது. நீளமான ரெயில். முடியும் வரை நின்றோம்.

"வீட்டிலை சொன்னனீயோ?"

"இல்லை."

"முதலாளிக்கு?"

"இல்லை."

"ஏன்?"

"வெள்ளிக்கிழமை எழுதினீங்கள்தானே. நான் இறங்கிறன் எண்டு அதுக்கு முதலே அவருக்குச் சொல்லிப்போட்டன். இன்டர்நெட் திறக்க உங்கடை மெசேஜ் வந்தது. பேந்து போய், இல்லை நிக்கிறன் எண்டன்." கொஞ்சத் தூரம் நடந்தான். "ஆனா அண்ணை, அந்த மூண்டு நாளும் உங்களை நான் பேசாத தூசணம் இல்லை."

"என்ன பேசினனீ?"

சொன்னான். ஒவ்வொன்றாகச் சொன்னான். சில தூசணம் நான் கேள்விப்படாதது. நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். கடைசி ஒன்றுக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. அவனும் சிரித்தான். குசினிக்குப் போய் ஏப்ரனைக் கட்டினோம்.

அவன் மனைவிக்கு இன்று வரை தெரியாது. நான் அந்த மரக்கறிக் கடைக்குப் போனால் இப்போதும் நிறையில் கொஞ்சம் கூடத்தான் போடுகிறா. இதை வாசித்தால் தெரியட்டும். அவவிடம் இல்லை என்று சொன்ன சொல்லை நான் இன்னும் திருப்பி எடுக்கவில்லை. எழுத்தில் சொல்வதற்குத்தான் எனக்குத் துணிவு வந்தது.

அவன் கடல் கதை தொடங்கினால் எனக்குள் இன்னும் எரியும். அது மாறவில்லை, மாறும் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் இப்போது யாராவது ஏதாவது கேட்டு எழுதினால், எனக்குப் பிடிக்காத ஆளாக இருந்தாலும், முதலில் தெரிந்ததை எழுதி அனுப்பிவிட்டுத்தான் கோபப்படுகிறேன்.